கால் டேங்க்

இடது பக்கம் ஒடித்தால் இருமுகிறது.
வலது பக்கம் இல்லை.
முழு டேங்கில் இல்லை, அரை டேங்கில் இல்லை.
கால் டேங்கில், மூன்றாம் கியரில்,
இடது பக்கம் நீண்டு வளையும்போது மட்டும்
அரை நொடி.

அரை நொடிதானே என்றார்
வண்டிக்குப் பணம் போடுகிற மாடக்கண்ணு.
லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.
நான்கு பாரில் நேராகப் போகிற கோடு
அந்த இடத்தில்
கிணற்று மேட்டில் கால் தவறியவன் மாதிரி.
டர்போ பாட்டுக்குக் காற்றை அழுத்தும்,
பெட்ரோல் வராது,
பிஸ்டன் தலையில் ஓட்டை விழ
அரை நொடி தாராளம் என்றேன்.
அவர் பிஸ்டன் விலையை மட்டும் கேட்டார்.

கப்பலூர் சிட்கோவில் எங்கள் ஷெட்.
ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் வார்க்கிறார்கள்,
மறு பக்கம் அட்டைப்பெட்டி.
நடுவில், கழற்றி வைத்த டேங்குக்குள்
குனிந்து பார்த்தபடி நான்.
தரையில் ஒரு பம்ப்,
தான் தள்ளுவதிலேயே மூழ்கிக் கிடந்து
தான் தள்ளுவதாலேயே சூடு தணிகிற பம்ப்.
அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது.
பெட்ரோல்தான் எழுந்து போய்விடுகிறது.

கண்மாய்க்கு இப்படி நேராது.
வற்றி வற்றிக் கடைசியில்
மடையடிப் பள்ளத்தில் வந்து நிற்கும் தண்ணீர்.
ஆனால் கண்மாயை யாரும்
நூற்றுப்பத்து கிலோமீட்டரில் இடது பக்கம் ஒடிப்பதில்லை.

ஆகவே டேங்குக்குள் ஒரு குட்டி டேங்க்.
இரண்டு லிட்டர் கொள்ளும் அலுமினியப் பானை.
அடியில் மூன்று கதவு,
உள்பக்கம் திறக்கும், வெளிப்பக்கம் திறக்காது.
இன்ஜின் குடித்த மிச்சம் திரும்பி வரும் வேகத்தை
ஊசித்துளை வழியே விட்டு
அந்த இழுப்பிலேயே
அக்கம்பக்கத்துப் பெட்ரோலும் பானைக்கு வரவேண்டும்.
ஜெட் பம்ப்.
கரண்ட் கேட்காது, சம்பளமும்.

முதலில் அக்ரிலிக்கில் ஒன்று ஒட்டி
சொட்டுநீலம் கரைத்த தண்ணீர் ஊற்றி
குட்டியானையில் கட்டினோம்.
ரிங் ரோட்டு ரவுண்டானாவில்
ஜெகபர் சுற்றச் சுற்ற
பின்னால் குத்தவைத்து
நீலம் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று
பதினோரு சுற்று பார்த்தேன்.
பன்னிரண்டாவதில் போலீஸ்.
என்னம்மா அது, மீன் தொட்டியா?
கண்மாய் சார், என்றேன்.
வாயில் வந்தது அதுதான்.
குனிந்து பார்த்தார்.
ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.
ம், என்றார்.
அப்புறம்தான் லைசென்ஸ் கேட்டார்.

கதவு தோற்கவில்லை. பானை தோற்கவில்லை.
தோற்றது ஒரு சாண் ரப்பர் குழாய்.
பத்தொன்பதாம் நாள் திறந்து பார்த்தால்
சால்னாவில் ஊறின புரோட்டா.
உள்ளே பெட்ரோல் ஓடத் தாங்குகிற குழாய்
பெட்ரோலுக்குள் கிடக்கவும் தாங்கும் என்று
எனக்கு யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது.
டைரியில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.
மூழ்கிக் கிடக்கத் தெரிந்த குழாய்
கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள்.
விலையைச் சொன்னதும் மாடக்கண்ணு
நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

நேற்று சாயங்காலம்
நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம்
விலைபோகாத பிளாட்டுகள்.
ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு,
பூங்கா என்று போர்டும் வைத்து
ஒருவரும் குடிவராத ஒரு நகர்.
கால் டேங்க். அதற்கும் கீழே.
நாகஜோதி ஓட்டினாள்.
இடது. இடது. மறுபடி இடது.
பூங்காவில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின.
டயர் வாசனை.
இருமலுக்குக் காதைக் கொடுத்து
நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியவள்
ஏதாச்சும் மாத்துனியாக்கா, என்றாள்.
எனக்கு ஒண்ணும் தெரியல, சும்மா போகுது.

காலியாகி நிற்கும்வரை ஓடவிட்டு
டேங்கைக் கவிழ்த்து அளந்தோம்.
பம்புக்கு எட்டாதது
முந்நூற்று நாற்பது மில்லி.
குறைக்கலாம்.

ராத்திரி பெரியார் பஸ்ஸில்
பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு
முன்னால் பார்த்துக் கத்தினாள்:
ஏப்பா டிரைவரு, டேங்க் ஒழுகுது பாரு!
இரண்டு கையையும்
துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டேன்.